சங்கத்தின் போக்கும் ஊரின் நன்மையும்: கெய்ரா ஜில்லாப் பால் சங்கத்தின் வரலாறு

ஒரு ஸ்தாபனம் கம்பெனியாயினும், சங்கமாயினும், தர்ம ஸ்தாபனமாயினும், இரண்டு கேள்விகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றது. தான் எந்த வழியிற் செல்லப் போகின்றது என்பது ஒன்று. அவ்வழியிற் செல்லும்போது தன்னைச் சூழ்ந்த ஜனங்களுக்கு விளையும் நன்மை தீமைகளுக்கு எவ்வளவு பொறுப்பேற்கின்றது என்பது மற்றொன்று. வியாபாரம் நடத்துவோரிற் பெரும்பாலோர் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே கருதுகின்றனர். முதலில் லாபம் சம்பாதிப்பது, பின்னர் அந்த லாபத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சத்திரம் கட்டுவது அல்லது பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை அளிப்பது என்பது அவர்களுடைய முறை. நன்கொடை நல்லதே. ஆயினும், விளைபொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, எடையிலும் குறைத்துவிட்டு, அதே ஊருக்குக் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் வியாபாரியைக் குடியானவர்கள் நன்றாக அறிவார்கள்.

இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடையைக் கண்ட ஸ்தாபனங்களுள் ஒன்று குஜராத்திலுள்ள கெய்ரா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம். 'அமுல்' என்னும் பெயரால் அதன் வெண்ணெயைப் பட்டணவாசிகள் அறிவார்கள். அச்சங்கம் தன் போக்கை எவ்வாறு நிர்ணயித்துக்கொண்டது என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகளும், தத்தம் ஊர்ச் சங்கங்களின் நடவடிக்கைகளை அருகிலிருந்து காணும் கிராம அதிகாரிகளும் கவனிக்கத்தக்க பகுதி அதுவேயாகும்.

சங்கம் தோன்றிய விதம்

கெய்ரா ஜில்லா பழைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. 1960-ல் குஜராத் தனி ராஜ்யமானபோது அதிற் சேர்ந்தது. சங்கத்தின் தலைமையிடமாகிய ஆனந்த் 1997-ல் பிரிக்கப்பட்டுத் தனி ஜில்லாவாயிற்று. புகையிலை, பருத்தி, கம்பு முதலியன விளையும் பூமி. குடும்பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு எருமைகள் வைத்திருப்பது அங்கு வழக்கம். பாலை வீட்டிலேயே உறையூற்றி, கடைந்து, நெய்யாக்கி விற்று வந்தனர்.

1945-ல் பம்பாய் சர்க்கார் பட்டணத்துக்கு நல்ல பால் கொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தது. 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆனந்திலிருந்து பாலைப் பதப்படுத்தி ரயிலில் கொண்டுவருவது என்று ஏற்பாடாயிற்று. ஆனந்தில் அப்போது பால்சன் கம்பெனியின் வெண்ணெய்த் தொழிற்சாலை இருந்தது. பாலைச் சேகரித்து அனுப்பும் தனியுரிமை அக்கம்பெனிக்கே அளிக்கப்பட்டது. சர்க்காரும் கம்பெனியும் தம்முள் விலை பேசிக்கொண்டன. கம்பெனிக்காகக் கிராமங்களிற் பால் வாங்கிய தரகர்கள் குடியானவனுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை மாத்திரம் ஒருவரும் நிர்ணயிக்கவில்லை. பால் ஒரு வேளைக்கு மேல் நில்லாத பண்டம். நெல்லைக் குதிரில் வைத்துக் காத்திருப்பதுபோல் பாலை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. ஆகவே தரகர் சொன்னதே விலையாயிற்று.

குடியானவர்கள் சர்தார் வல்லபாய் படேலிடம் சென்று முறையிட்டனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாலைத் தாமே பதப்படுத்தி விற்கும் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர் கூறிய யோசனை. அவருடைய ஏவலின்பேரில் மொரார்ஜி தேசாய் கெய்ராவுக்கு வந்தார். 1946 ஜனவரியில் சமர்க்கா என்னும் கிராமத்திற் கூடிய கூட்டத்தில், ஊருக்கு ஒரு சங்கம், ஜில்லாவுக்கு ஒரு சங்கம் என அமைப்பது என்றும், சர்க்கார் அச்சங்கத்திடமே பால் வாங்க வேண்டும் என்றும், இல்லையேல் ஒருவருக்கும் பால் விற்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. சர்க்கார் இணங்கவில்லை. பதினைந்து நாள் வரையில் ஜில்லாவிலிருந்து பம்பாய்த் திட்டத்துக்குப் பால் செல்லவில்லை. அதன்பின் பம்பாய்ப் பால் கமிஷனர் நேரில் வந்து நிலைமையைக் கண்டு கோரிக்கையை ஒப்புக்கொண்டார். 1946 டிசம்பர் 14-ஆம் தேதி ஜில்லாச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. தேசத் தொண்டராகிய திரிபுவனதாஸ் படேல் அதன் தலைவரானார். தொடக்கத்தில் அதைச் சேர்ந்த கிராமச் சங்கங்கள் இரண்டே. நாளொன்றுக்குக் கிடைத்த பால் சுமார் 250 லிட்டர்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பதினைந்து நாள் வருமானத்தை இழந்த குடியானவர்கள், லிட்டருக்கு இன்ன விலை உயர்த்துக என்று கேட்டிருந்தால், சர்க்கார் ஒருவேளை உடனே இணங்கியிருக்கும். அடுத்த ஆண்டே அவ்விலை கரைந்தும் போயிருக்கும். அவர்கள் கேட்டது பாலைச் சேர்ப்பதும், பதப்படுத்துவதும், விற்பதுமாகிய வேலைகளைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் உரிமையை. சங்கத்தின் போக்கு பெரும்பாலும் அன்றே நிச்சயமாகிவிட்டது என்று சொல்லலாம்.

குளிர்காலப் பால்

எருமையின் கறவை ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்தப் பிரதேசத்தில் குளிர்காலத்திற் கிடைக்கும் பால் கோடையிற் கிடைப்பதைப்போல் இரண்டு பங்குக்கு மேலாகும். பட்டணத்தாருக்கு வேண்டிய பாலோ எக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே குளிர்காலத்தில் மிகுந்த பாலைப் பம்பாய்த் திட்டம் வாங்கிக்கொள்ளவில்லை. சங்கத்தின் முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. விற்பனைக்கு வேண்டிய அளவு பாலை மாத்திரம் வாங்கிக்கொண்டு மிகுதியைத் திருப்பி அனுப்புவது ஒரு வழி. வியாபாரக் கணக்குக்கு அதுவே பொருந்தும். உறுப்பினர் கொண்டுவரும் பால் முழுவதையும் எல்லா நாளும் ஏற்றுக்கொள்வது மற்றொரு வழி.

பாலைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாரைச் சேரும் என்று பார்க்க வேண்டும். நாலு எருமை உடையவன் நெய்யாக்கிக் கொள்வான். அவனுக்கு விறகும், பாத்திரமும், வேலை செய்ய ஆளும் உண்டு. ஒரே எருமையுடன் கூலி வேலையும் செய்து பிழைப்பவன் தரகனைத் தேடி ஓட வேண்டியதுதான். தரகனோ, கோடையிற் சங்கத்துக்குப் பால் கொடுத்தவனைக் குளிர்காலத்தில் நல்ல முகத்துடன் வரவேற்கமாட்டான். ஆகவே கெய்ரா சங்கம் இரண்டாவது வழியைக் கைக்கொண்டது. உறுப்பினர் கொண்டுவரும் நல்ல பாலைச் சங்கம் மறுப்பதில்லை என்பதே அதன் வாக்குறுதி.

வாக்குக் கொடுத்தபின் அதைக் காப்பாற்ற வழி தேட வேண்டியதாயிற்று. மிகுந்த பாலை வெண்ணெயாகவும் பால் பொடியாகவும் மாற்றிவைத்தால்தான் கோடை வரையில் நிற்கும். பசும்பாலைப் பொடியாக்கும் முறை மேல்நாடுகளில் வழக்கத்தில் இருந்தது. எருமைப் பாலிற் கொழுப்பு மிகுதியாதலால் அம்முறை அதற்குப் பொருந்தாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கருதினர். சங்கத்தின் பால்பண்ணை நிபுணராகிய ஹெச். எம். தலாயா பல பரீட்சைகள் செய்து, எருமைப் பாலையும் துளிகளாகத் தெளித்து வெப்பக் காற்றிற் பொடியாக்க முடியும் என்று காட்டினார். சங்கத்தின் நிர்வாகியாக இருந்தவர் வர்கீஸ் குரியன். அவர் 1921-ல் அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டிற் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்று திரும்பி, 1949-ல் ஆனந்துக்கு வந்தவர்.

தொழிற்சாலைக்கு வேண்டிய பொறிகளில் ஒரு பகுதியை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் அளித்தது. அதற்கு ஈடாக, ஜில்லாவிலுள்ள ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குச் சங்கம் இலவசமாகப் பால் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1954 நவம்பரில் பாபு ராஜேந்திர பிரசாத் அஸ்திவாரக் கல் நாட்ட, 1955 அக்டோபர் 31-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார்.

இங்கே வாக்குறுதி முதலிலும் பொறி பின்னரும் வந்தன. இம்முறை மாறினால் நேர்வதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. மானியம் கிடைக்கின்றது என்பதற்காகப் பொறியை வாங்கிவிட்டு, அதற்கு வேலை கொடுக்கப் பாலையோ, நெல்லையோ, கடலையையோ தேடி அலையும் சங்கங்களும், பூட்டிய கதவும் துருப்பிடித்த தகரமுமாக நிற்கும் கட்டிடங்களும் பல ஜில்லாக்களில் உண்டு.

கறவையைப் பெருக்கியது

பால் அதிகமாக வேண்டுமானால் மாடுகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம், அல்லது ஒவ்வொரு மாட்டின் கறவையைப் பெருக்கலாம். நிலமும் தீவனமும் குறைந்த உறுப்பினரிடம் மற்றோர் எருமை வாங்கிக் கட்டு என்று சொல்வது வீண் உபதேசம். ஆகவே சங்கம் உள்ள எருமைக்கே நல்ல தீவனமும், வைத்தியமும், நல்ல ஜாதிக் காளையின் வித்தும் கிடைக்க ஏற்பாடு செய்தது. கால்நடை வைத்தியர்கள் மோட்டார் வண்டியில் முறைவைத்துக் கிராமந்தோறும் செல்லலாயினர். அவசர காலத்தில் சொல்லியனுப்பினால் இரவிலும் வருவார்கள். கிராமச் சங்கத்திலேயே முதலுதவிப் பெட்டி வைக்கப்பட்டது. செயற்கை முறைக் கருவூட்டல் சங்கத்தின் ஊழியர் மூலமாகவே ஊருக்குள் வந்தது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, தவிடு முதலியவற்றைச் சரியான விகிதத்திற் கலந்து கொடுக்கும் தீவனத் தொழிற்சாலை கஞ்சாரி என்னும் ஊரில் 1964-ல் ஏற்பட்டது. பால் எடுக்க வரும் வண்டியிலேயே தீவன மூட்டையும் ஊருக்கு வந்து சேரும். விலையைப் பால் பணத்திற் கழித்துக்கொள்ளலாம்.

இவற்றைத் தர்மம் என்று கூறுவதா, வியாபாரம் என்று கூறுவதா? நோயுற்ற எருமை பிழைத்தால் குடியானவன் குடும்பம் பிழைக்கின்றது; சங்கத்துக்கும் பால் குறையாமல் வருகின்றது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வைத்தியச் செலவு நன்கொடைப் பத்தியிற் சேரவில்லை.

கிராமச் சங்கத்தின் அன்றாட நடைமுறை

ஜில்லாச் சங்கம் எவ்வளவு பெரிதாயினும் அதன் உயிர் கிராமச் சங்கத்திலேயே இருக்கின்றது. பால் ஊற்றும் குடியானவரே அதில் உறுப்பினராகலாம். உறுப்பினருக்குப் பங்கு எத்தனையாயினும், எருமை எத்தனையாயினும், ஓட்டு ஒன்றே. அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு சம்பளத்துக்கு ஒரு காரியதரிசியை அமர்த்துகின்றது. கிராமச் சங்கத் தலைவர்கள் ஜில்லாச் சங்கத்தின் நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்தச் சபை நிர்வாகியையும் நிபுணர்களையும் நியமிக்கின்றது. எங்கே போவது என்று சொல்லும் அதிகாரம் குடியானவரிடம். எப்படிப் போவது என்று கண்டு நடத்தும் வேலை நிபுணரிடம். திரிபுவனதாஸ் படேலும் குரியனும் இந்த வரம்பை அறிந்து நடந்துகொண்டனர். தலைவர் தொழிற்சாலையின் அன்றாட வேலையிற் குறுக்கிடவில்லை. நிர்வாகி தம்மைக் குடியானவர்களின் சம்பள ஊழியர் என்றே சொல்லிவந்தார்.

காலையும் மாலையும் பால் அளக்கப்படுகின்றது. ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்புச் சத்து எவ்வளவு என்று சோதித்து, அதற்கேற்ப விலை போடுகின்றனர். முன்வேளைப் பாலுக்குரிய பணத்தை மறுவேளையிலேயே கொடுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். பிற்காலத்திற் பாங்கிக் கணக்கிற் செலுத்தும் முறை வந்தது. பாலில் தண்ணீர் கலப்பது பாவம் என்று ஊரில் உபதேசம் செய்வதால் ஆவது கொஞ்சமே. கொழுப்புக்கு விலை என்றால், தண்ணீர் ஊற்றியவன் குடத்தைச் சுமந்ததுதான் மிச்சம். பட்டணத்திற் பால் வாங்குவோருக்கு நல்ல பால் கிடைக்க வேண்டும் என்னும் பொறுப்பு இவ்வாறு கிராமத்திலேயே, கண்ணாடிக் குழாயின் அளவுக் கோட்டில், நிறைவேறிவிடுகின்றது.

பால் ஊற்ற வருவோர் வந்த முறைப்படி வரிசையில் நிற்க வேண்டும். பட்டீதாராயினும், தாழ்த்தப்பட்டவராயினும், முன்னே வந்தவர் முன்னே. எல்லோருடைய பாலும் ஒரே பாத்திரத்திற் கலக்கின்றது. சாதி வேற்றுமை இதனால் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவது பிசகு. ஆயினும் நாளுக்கு இரண்டு வேளை, ஆண்டு முழுவதும், இந்த வரிசை நடக்கின்றது என்பது சிறிய காரியமன்று.

ஆண்டு முடிவில் மிகும் தொகையிற் சட்டப்படி சேம நிதிக்கு ஒதுக்கியபின், பங்குத் தொகைக்கு வரம்புக்குட்பட்ட வட்டியும், ஊற்றிய பாலின் அளவுக்கேற்ப உறுப்பினருக்குப் போனஸும் அளிக்கின்றனர். முதல் போட்டவனைவிடப் பால் ஊற்றியவனுக்கே லாபம் சேர்கின்றது. இது பழைய கொள்கையே. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ல் 28 தொழிலாளர் ஒரு மளிகைக் கடை திறந்தபோது, வாங்கிய சாமானின் மதிப்புக்கேற்ப லாபத்தைப் பகிர்ந்துகொண்டனர். கலப்பில்லாத சாமானே விற்பது என்று விதித்துக்கொண்டனர். பின்னர் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு கல்விக்கென ஒதுக்கினர். கெய்ரா கிராமச் சங்கங்களும் ஒரு பகுதியை ஊர்ப் பொது வேலைகளுக்கு ஒதுக்குவது வழக்கம். பள்ளிக்கூட அறை, வாசகசாலை, பாதை, குடிநீர் முதலியன அவ்வகையில் ஏற்பட்டன. திரிபுவனதாஸ் படேல் பதவியிலிருந்து விலகியபோது உறுப்பினர்கள் திரட்டி அளித்த பணமுடிப்பைத் தமக்கு வைத்துக்கொள்ளாமல், கிராமத் தாய்மார், குழந்தைகளின் சுகாதாரத்துக்கென 1975-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார். பால் சங்கம் உள்ள ஊர்களில் அவ்வூர்ப் பெண்களையே பழக்கிச் சுகாதார வேலைக்கு அமர்த்தியமையால், அது வேரூன்றியது.

மோர் இல்லாத வீடுகள்

புகழ்ச்சி மாத்திரம் கூறுவது விவசாயிகளுக்குப் பயன்படாது. பால் சங்கம் ஏற்பட்டதால் ஊருக்கு நேரக்கூடிய தீமைகளும் உண்டு. அவற்றையும் பொறுப்புடைய சங்கம் கணக்கிற் கொள்ள வேண்டும்.

வீட்டில் நெய் எடுத்த காலத்தில் மோர் மிகுந்தது. மோருக்கு விலையில்லை, கேட்டவருக்கெல்லாம் ஊற்றினார்கள். மாடில்லாத கூலிக்காரரும் அவர் குழந்தைகளும் அதனால் வயிறு குளிர்ந்தனர். பால் முழுவதும் சங்கத்துக்குப் போகும் ஊரில் அந்த மோர் இல்லை. மாடு உடையவர் வீட்டுக் குழந்தைகளுக்கும், பணம் வருகின்றதே என்று, பால் குறைந்துபோவதுண்டு. பணத்தைக் கொண்டு பருப்பும் எண்ணெயும் வாங்கினால் குழந்தைக்கு நஷ்டமில்லை. வேறு வழியிற் செலவிட்டால் நஷ்டமே. பால் கூட்டுறவைக் குறைகூறுவோர் இதை வெகுகாலமாக எடுத்துக்காட்டி வருகின்றனர். அவர்கள் கூற்றைத் தள்ளிவிட முடியாது. குழந்தைகளுக்கு இலவசப் பால் கொடுக்கும் ஏற்பாடும், மேற்சொன்ன சுகாதார வேலையும், நிலமற்றவருக்கு எருமை வாங்கக் கடன் கிடைக்கும் வசதியும் இக்குறையை ஓரளவுக்கே நிவர்த்தி செய்கின்றன.

மற்றொரு குறை பெண்களைப் பற்றியது. புல் அறுப்பதும், தண்ணீர் காட்டுவதும், சாணம் அள்ளுவதும், கறப்பதும், சுமந்துகொண்டுபோய் ஊற்றுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. சங்கப் புத்தகத்தில் உறுப்பினர் பெயர் வீட்டுப் புருஷன் பெயராகவே நெடுங்காலம் இருந்துவந்தது. மகாசபையில் ஓட்டும் அவனுக்கே. வேலை செய்கிறவருக்கு ஓட்டில்லாத சங்கம் தன் போக்கைச் சரியாக நிர்ணயிக்க முடியாது. பெண்களே உறுப்பினராயும் நிர்வாகிகளாயும் உள்ள பால் சங்கங்கள் பின்னர்ப் பல ராஜ்யங்களில் ஏற்பட்டன. அவற்றில் அளவும் கணக்கும் ஒழுங்காக நடக்கக் காண்பதில் ஆச்சரியமில்லை.

நன்கொடைப் பொடியைக் கையாண்ட முறை

1964 அக்டோபரிற் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தீவனத் தொழிற்சாலையைத் திறக்க வந்தபோது, அஜர்புரா என்னும் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டிலேயே இரவு தங்கி, ஊராருடன் நெடுநேரம் பேசினார். மண்ணும், மழையும், எருமையும் வேறு இடங்களில் உள்ளவைபோலவே இருக்க, சர்க்கார் நடத்திய பால்பண்ணைகள் பல நஷ்டமடைய, இது மாத்திரம் செழித்தது எதனால் என்பது அவர் விசாரித்த விஷயம். இது குடியானவர்களுக்குச் சொந்தமானது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குப் புலப்படவில்லை என்று குரியன் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். அதன் பயனாக 1965-ல் தேசிய பால்வள அபிவிருத்தி போர்டு ஏற்பட்டது. அதன் தலைமையிடம் டில்லியாக இல்லாமல் ஆனந்திலேயே வைக்கப்பட்டது.

அந்தப் போர்டுக்கு ஒரு கடினமான சமயம் வந்தது. ஐரோப்பிய நாடுகளில் பால் பொடியும் வெண்ணெயும் மலைபோற் குவிந்து, ஏழை நாடுகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கத் தயாராக இருந்தன. இலவசப் பொடியைக் கரைத்து மலிவாகப் பட்டணத்தில் விற்றால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள். கிராமத்திற் பால் கறப்பவன் பிழைப்புப் போய்விடும். நன்கொடையே வேண்டாம் என்றால், அப்பொடி வேறு வழியில் வந்து இறங்கக்கூடும். ஆகவே நன்கொடையைப் பெற்று, உள்நாட்டுப் பாலின் விலையைக் குலைக்காத விலைக்கு விற்று, அந்தப் பணத்தை முதலாகக் கொண்டு மற்ற ஜில்லாக்களிலும் கூட்டுறவுப் பால் சங்கங்களை அமைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. 'வெண்மைப் புரட்சி' என்று வழங்கும் இத்திட்டம் 1970-ல் தொடங்கி 1996 வரையில் மூன்று கட்டங்களாக நடந்தது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பட்டணங்களையும், அவற்றுக்குப் பால் அனுப்பக்கூடிய 18 பிரதேசங்களையும் இணைப்பது முதற்கட்டம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேசத்தின் பால் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம் டன். திட்டம் முடிந்தபோது 6 கோடியே 60 லட்சம் டன்னாக உயர்ந்திருந்தது. 1998-ல் இந்தியா உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. இவ்வுயர்வு முழுவதும் சங்கங்களால் ஏற்பட்டது என்று சொல்வதற்கில்லை. பாலிற் பெரும்பகுதி இன்றும் சங்கங்களுக்கு வெளியிலேயே விற்பனையாகின்றது. ஆயினும், சங்கம் உள்ள ஊரில் தனி வியாபாரியும் சங்க விலையைப் பார்த்தே விலை கூற வேண்டியிருக்கின்றது. உறுப்பினரல்லாதாருக்கும் கிடைக்கும் அனுகூலம் இது.

1973-ல் கெய்ரா உள்ளிட்ட குஜராத்தின் ஆறு ஜில்லாச் சங்கங்கள் சேர்ந்து விற்பனைக்கென ஒரு சம்மேளனம் அமைத்தன. தன் உழைப்பாற் பெயர்பெற்ற 'அமுல்' என்னும் முத்திரையைக் கெய்ரா சங்கம் மற்ற ஜில்லாக்களுடன் பகிர்ந்துகொண்டது. அண்டை ஜில்லாக் குடியானவனுடன் பட்டணச் சந்தையிற் போட்டியிட்டு விலையைக் குறைத்துக்கொள்வதில் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை என்று கண்டமையால் எழுந்த முடிவு அது. இன்று அச்சம்மேளனத்தின் சங்கங்களில் சுமார் 36 லட்சம் குடும்பங்கள் பால் ஊற்றுகின்றன.

தமிழ்நாட்டின் நிலைமை

கூட்டுறவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கிராம நாணயச் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்துவரச் சென்னை சர்க்காராற் பணிக்கப்பட்ட பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் வந்த உடனேயே, இன்று திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் விவசாய நாணயச் சங்கம் பதிவாயிற்று. அச்சட்டம் கடன் சங்கங்களை மாத்திரமே அனுமதித்தது; விற்பனைச் சங்கங்களுக்கும் சங்கங்கள் சேர்ந்த யூனியன்களுக்கும் இடமளித்தது 1912-ஆம் வருஷத்துச் சட்டமாகும். ஆனந்த் முறையைத் தழுவிய கிராமச் சங்கம், ஜில்லா ஒன்றியம், ராஜ்ய இணையம் என்னும் மூன்றடுக்கு அமைப்பு 1981 முதல் தமிழ்நாட்டிலும் நடந்துவருகின்றது. 'ஆவின்' என்னும் பெயர் அவ்விணையத்தினுடையதே.

அமைப்பு ஒன்றாயினும் உள்ளே ஒரு வேற்றுமை உண்டு. தமிழ்நாட்டிற் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தேர்தல் நடவாமல், சர்க்கார் நியமித்த தனி அதிகாரிகளே பல ஆண்டுகள் நிர்வகித்த காலங்கள் உண்டு. அதிகாரி யோக்கியராயும் உழைப்பாளியாயும் இருக்கலாம். ஆனால் குளிர்காலப் பாலை ஏற்பதா மறுப்பதா என்பதுபோன்ற கேள்வி எழும்போது, அவர் விடை சொல்ல வேண்டியது தம்மை நியமித்தவருக்கு. ஒற்றை மாட்டுக்காரனுக்கு அல்ல. சங்கத்தின் போக்கு அவ்விடத்தில்தான் திரும்புகின்றது. உறுப்பினரும் இதற்கு ஓரளவு உத்தரவாதிகளே. மகாசபைக்கு வராமல், போனஸ் வாங்கும் நாளில் மாத்திரம் வருபவர்கள், தேர்தல் நடக்கவில்லை என்று வருந்துவதிற் பயனில்லை.

கிராம அதிகாரிகளும் ஊர்ப் பெரியோர்களும் தம் ஊர்ச் சங்கத்துக்குச் சென்றால், கட்டிடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துத் திரும்பாமல் சில விஷயங்களை விசாரிக்கலாம். சோதனை, பால் ஊற்றியவர் கண்ணெதிரில் நடக்கின்றதா, அளவு அவருடைய அட்டையில் உடனே குறிக்கப்படுகின்றதா என்று பார்க்கலாம். பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா ஆகின்றது, கடைசியாக எப்போது தவறிற்று என்று கேட்கலாம். பால் மிகுந்த மாதங்களில் எத்தனை நாள் பால் மறுக்கப்பட்டது என்பது கேட்டாலன்றித் தெரியாது. அறிக்கையில் அது வருவதில்லை. உறுப்பினர் பட்டியலிற் பெண்கள் எத்தனை பேர், ஒற்றை மாடு உடையவர் எத்தனை பேர், நிர்வாகக் குழுவில் அவர்களில் ஒருவரேனும் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொது நன்மை நிதியில் இருக்கும் தொகை ஊருக்குச் செலவாகின்றதா, பாங்கியிலேயே தூங்குகின்றதா என்பது தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கங்களிற் கிடைக்கும். அவ்வறிக்கையைப் பார்வையிட ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமையுண்டு.

சங்கம் இல்லாத ஊர்களில் புதிதாகப் பால் உற்பத்தியாளர் சங்கம் அமைக்க விரும்புவோர், ஊரில் எத்தனை கறவைகள் உள்ளன, கோடையிலும் மழைக்காலத்திலும் எவ்வளவு பால் மிகும் என்பதை வீடுவீடாக விசாரித்து எழுதிக்கொண்டு, ஜில்லாவிலுள்ள பால்வளத் துணைப் பதிவாளர் காரியாலயத்தை அணுகினால் வேண்டிய விவரங்களைப் பெறலாம்.